துண்டுக்குள் அடித்த நாற்றம்

என் வாய் நாறியது. பிள்ளைகளே, இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் நடுவில் வெட்கம் வந்து பேனாவை மூடி வைத்துவிடுவேன்.

தூங்கி எழுந்ததும் எல்லோர் வாயிலும் ஒரு வாடை இருக்குமே, அதைச் சொல்லவில்லை. அது பல் தேய்த்தால் போய்விடும். என்னுடையது தேய்த்தாலும் போகாது, கொப்பளித்தாலும் போகாது. சாப்பாட்டுத் தூக்கைக் கழுவ மறந்து, இரண்டு நாள் மூடியே கிடந்ததைத் திறந்தால் புளித்த சோறும் கெட்ட முட்டையும் சேர்ந்த மாதிரி ஒரு நெடி மூக்கில் அறையும். நான் பேச வாயைத் திறந்தால் எதிரே நிற்பவருக்கு அதுதான் கிடைத்தது. இப்போது நினைத்தாலும் எனக்கே குமட்டுகிறது. அந்த வாயை வைத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் ஊரெல்லாம் பேசிச் சிரித்துத் திரிந்திருக்கிறேன்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். டாக்டர் சொன்னதில் எனக்குப் புரிந்ததை மட்டும்தான் எழுத முடியும். என் மகள் இப்போது ஆறாம் வகுப்பு. இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்கப்பா. ஆனா எம் பேரப் போடாதீக" என்றாள். அவள் பெயரைப் போடாதபோது மற்றவர்கள் பெயர் எதற்கு? யார் பெயரும் இதில் இல்லை.

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து செலுத்துவது என் வேலை. பூச்சட்டி என்றால் நீங்கள் புஸ்வாணம் என்று சொல்வீர்களே, அது. சிறிய அறை. ஒரு அறைக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. ரப்பர் விரிப்பில் காலை மடக்கி, வயிறு தொடையில் அழுந்தக் குனிந்து, ஒவ்வொரு காகிதக் கூட்டிலும் மருந்தை அள்ளிப் போட்டு இறுக்க வேண்டும். கந்தகமும் அலுமினியப் பொடியும் பறக்கும் என்பதால் மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு துண்டால் கட்டிக்கொள்வோம். சாயங்காலம் வெளியே வரும்போது கண்ணைத் தவிர எல்லாம் வெள்ளிப் பூச்சு பூசியது போலிருக்கும்.

அந்தத் துண்டுக்குள் முதலில் எனக்குத்தான் நாறியது. கெட்ட முட்டை நாற்றம். கந்தகத்தோடு புழங்குகிற எங்களுக்கு அதில் சந்தேகமே வராது. மருந்து நாற்றம், வேறென்ன? துண்டைத் துவைத்துப் போட்டேன். மறுநாளும் நாறியது. தினம் ஒரு துண்டு மாற்றினேன். என் மனைவி அச்சுக் கம்பெனியில் காலண்டர் மடிக்கிற வேலைக்குப் போகிறவள். அவளுக்கும் அதே எண்ணம்தான். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லுவாள்:

"இந்தாங்க, அங்கனயே நில்லுங்க. மருந்து வாடையோட வீட்டுக்குள்ள வராதீக. தண்ணி ஊத்தி வச்சிருக்கேன்."

குளித்துவிட்டு வந்தாலும் முகத்தைச் சுளிப்பாள். "போகலையே. நல்லா தேச்சுக் குளிச்சீகளா?" மறுபடியும் போய்க் குளிப்பேன். வாய்க்குள் இருக்கிற நாற்றத்துக்கு முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தோம், இரண்டு பேரும்.

கம்பெனியில் இதற்கென்று ஒரு வைத்தியம் உண்டு. மருந்துத் தூசி வயிற்றுக்குள் போய்விட்டால் ஒரு வாழைப்பழமும் ஒரு கட்டி வெல்லமும் தின்று, மேலே ஒரு சோடா குடித்து, பெரிதாக ஏப்பம் விட வேண்டும். ஏப்பத்தோடு தூசி வெளியே வந்துவிடும் என்பார்கள். நானும் விட்டேன். அந்த ஏப்பத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தொண்டை வரைக்கும் புளிப்பாக ஒரு தண்ணீர் ஏறி வரும். சில நேரம் மத்தியானம் தின்ற கொத்தவரங்காய்த் துணுக்கே வாய்க்கு வந்துவிடும். அறைக்குள் துப்ப முடியாது, துண்டு வேறு கட்டியிருக்கிறது. அப்படியே திரும்ப விழுங்குவேன். ஒரு நாளைக்குப் பத்து தடவை, பன்னிரண்டு தடவை. பழகிவிட்டது. மனுஷன் எதற்குத்தான் பழகுவதில்லை, சே!

எங்கள் அறையில் எனக்கு மச்சான் முறை உள்ள ஒருவர் இருந்தார். கூடப் படித்தவரும்கூட. ஒருநாள் அவர் எழுந்து நின்று, "மச்சான், நீங்க இன்னிமே வாசப்பக்கம் உக்காருங்க" என்றார்.

"ஏன், இந்த இடத்துக்கு என்ன கொறச்சல்?"

"நீங்கதான இந்த ரூம்ல சீனியர். வாசப்பக்கம் உங்களுக்குத்தான்."

மற்ற இரண்டு பேரும், "ஆமா அண்ணே, அதான் மொற" என்றார்கள்.

பட்டாசு அறையில் வாசல் பக்கத்து இடம் என்றால் என்ன என்று வெளியே உள்ளவர்களுக்குத் தெரியாது. ஏதாவது ஆகிவிட்டால் முதலில் வெளியே பாயக் கூடியவன் அங்கே இருப்பவன்தான். அந்த இடத்தை யாரும் சும்மா விட்டுக்கொடுக்க மாட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் சொன்னேன். என் மனைவி, "அந்தப் பிள்ளைக நல்லா இருக்கட்டும்" என்று சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மூன்று வீட்டுக்கும் அதிரசம் சுட்டுக் கொடுத்துவிட்டாள்.

இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

அப்போது என் மகள் நாலாம் வகுப்பு. அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. எழுத்துக் கூட்டிக் கூட்டி, ஒரு வரியைத் தாண்டுவதற்குள் அழுதுவிடுவாள். நான் படிக்காமல் விட்டதுபோல் இவளும் விட்டுவிடுவாளோ என்று எனக்குப் பயம். அதனால் தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு ஜன்னல் ஓரம் பாய் விரித்து அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன். விரலை வைத்து வரியைக் காட்டுவேன், அவள் வாசிப்பாள். என்ன லோடு ஏற்றினாலும், எவ்வளவு சீசன் நெருக்கடி என்றாலும், அந்த ஒரு மணி நேரத்தை நான் விட்டதில்லை. என் நாளில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

ஆனால் அந்த ஏழு மணிக்கு நான் எந்தக் கோலத்தில் வந்து உட்காருவேன் என்பதையும் சொல்ல வேண்டும். காலையில் கம்பெனி வண்டி சீக்கிரம் வந்துவிடும் என்று வெறும் வயிற்றில் கடுங்காப்பி. பத்து மணிக்கு இன்னொன்று, கூட இரண்டு வடை. அடிக்கடி வெளியே போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரே குடிக்க மாட்டேன். மத்தியானம் ஆறிப்போன சோறு, புளிக்குழம்பு. தின்ற கையோடு மறுபடி குனிந்து வேலை. சாயங்காலம் இறங்கும் இடத்தில் எண்ணெய்ப் புரோட்டாக் கடை. எங்கள் விருதுநகர்ப் பக்கத்துப் புரோட்டாவைக் கல்லில் சுடுவதில்லை, எண்ணெயில் முக்கிப் பொரிப்பார்கள். நாலு புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை மிதக்க ஊற்றித் தின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து குளித்து, டி.வி. முன்னால் மல்லாந்து படுப்பேன். படுத்ததும் நெஞ்சில் எரியும். எரிந்தால் ஒரு பெப்பர்மிண்ட் மிட்டாய். வாயும் மணக்கும், நெஞ்சும் குளிரும் என்று நினைப்பு. அப்படியே எழுந்து வந்து மகள் பக்கத்தில் உட்காருவேன். வெற்றிலை பாக்குக்கூடப் போடாதவன் சட்டைப் பையில் கைப்பிடி மிட்டாய் எப்போதும் கிடக்கும். கம்பெனி வாசலில் தீப்பெட்டி, பீடி இருக்கிறதா என்று பையைத் தடவிப் பார்க்கிற வாட்ச்மேன், "என்ன அண்ணாச்சி, உள்ள மிட்டாய்க் கடை போடப் போறீகளா?" என்று தினம் கேட்பார்.

ஆடி மாதம் போல இருக்கும். மகள் திடீரென்று வேகமாக வாசிக்க ஆரம்பித்தாள். ஒரு வரியை ஒரே மூச்சில் கடகடவென்று முடித்தாள். எனக்கு ஒரே சந்தோஷம். "எப்பிடி வாசிக்கா பாரு, உம் மக!" என்று அடுப்படியைப் பார்த்துக் கத்துவேன். வேகம் நாளுக்கு நாள் கூடியது. புள்ளி வந்தாலும் நிற்க மாட்டாள். நாலு வரியைக்கூட ஒரே இழுப்பில் வாசித்தாள்.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் போட்டபோது டீச்சரிடம் பெருமையாகக் கேட்டேன்: "பிள்ளை இப்ப நல்லா வாசிக்கிறாளா டீச்சர்?"

டீச்சர் அரை அடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டு சொன்னார்: "வாசிக்கிறாங்க. ஆனா ஒரு பழக்கம் வந்திருக்கு. மூச்சே விடாம வாசிக்கிறாங்க. நிறுத்துற இடத்துல நிறுத்தாம, படக்குன்னு மொகத்த ஜன்னல் பக்கம் திருப்பி மூச்ச இழுத்துட்டு, மறுபடி ஓடுறாங்க. வீட்ல யாராச்சும் அப்பிடிச் சொல்லிக் குடுக்குறீங்களா?"

"நான்தான் டீச்சர் சொல்லிக் குடுக்கேன்" என்றேன்.

அன்று சாயங்காலம் புத்தகத்தைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தேன். தூக்கணாங்குருவி கூடு கட்டுகிற பாடம். நான் "வாசி" என்று சொல்லி வாயை மூடியதும், அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள், தண்ணீருக்குள் முங்கப் போகிறவள் மாதிரி. அப்புறம் வாசித்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. முகம் சிவந்தது. நாலாவது வரியில் மூச்சு தீர்ந்துபோய், திரும்ப ஜன்னல். அந்த நேரம் பார்த்து என் தொண்டையில் ஓர் ஏப்பம் புரண்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. சால்னா வாடையும் கெட்ட முட்டை வாடையுமாக அது அவள் முகத்துக்கு நேராகப் போனது. பாவாடைத் தும்பை எடுத்து மூக்கைத் துடைப்பதுபோல் துடைத்து, அங்கேயே பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"அப்பா மேல நாறுதா?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டினாள். பிறகு, "கொஞ்சூண்டு" என்றாள்.

பிள்ளைகளே, என் வாழ்க்கையில் என் மேலேயே எனக்கு அவ்வளவு அருவருப்பு வந்ததில்லை. அவள் வேகமாக வாசித்தது என் பக்கத்திலிருந்து தப்பிப்பதற்கு. நான் அதற்குக் கை தட்டியிருக்கிறேன்.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. மருந்து வாடைதான் என்று சொன்னேன். "தீபாவளி முடிஞ்சதும் கம்பெனிய அடைச்சிருவாங்கள்ல. ஒரு மாசம் அப்பா மருந்தையே தொட மாட்டேன். நாத்தம் போயிரும். அப்ப நீ மெதுவா வாசிக்கலாம், சரியா?" என்றேன். அவள் காலண்டரில் தீபாவளிக்கு மறுநாள் மேல் பென்சிலால் ஒரு சுழி போட்டு வைத்தாள்.

தீபாவளி முடிந்தது. எங்கள் பக்கம் எல்லாக் கம்பெனியும் அடைத்து, மறுபடி பூஜை போட்டுத் திறக்க நாள் ஆகும். முதல் வாரம் போனது. கை ரேகைக்குள் இருந்த வெள்ளிப் பொடியெல்லாம் போய்விட்டது. இரண்டாவது வாரம் போனது. மகள் இன்னும் ஜன்னலைப் பார்த்துத்தான் மூச்சை இழுத்தாள். கேட்டால், "இன்னும் கொஞ்ச நாள் ஆகும்லப்பா" என்று எனக்கே சமாதானம் சொன்னாள். மூன்றாவது வாரம் மழையில் பரண் ஒழுகியது. மேலே இருந்த சாமானையெல்லாம் இறக்கித் தூசி தட்ட வேண்டும். என் மனைவி தீபாவளிக்கு எடுத்த புதுத் துண்டு ஒன்றை நீட்டினாள். கடை ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை. அதை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினேன்.

நாலு படி ஏறியிருப்பேன். துண்டுக்குள் அதே நாற்றம் அடித்தது.

புதுத் துண்டு. மருந்து படாத துண்டு. மருந்தைத் தொட்டு மூன்று வாரம் ஆன கை. கந்தகம் எங்கே இருந்து வரும்? துண்டை அவிழ்த்துப் புதுத்துணி வாசம் வருகிற ஓரமாகப் பார்த்து வாயை வைத்து ஊதி, உடனே மோந்து பார்த்தேன். வாந்தி வருவதுபோல் இருந்தது. ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னாச்சுங்க, தலை சுத்துதா?" என்று என் மனைவி கீழே இருந்து கேட்டாள்.

"மருந்து இல்லடி. நான்தான் நாறுறேன்" என்றேன்.

அவள் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் ஒரு வாரமா அந்தச் சந்தேகம்தான். எப்பிடிச் சொல்றதுன்னு இருந்தேன்" என்றாள்.

எங்கள் தெருவில் ஒரு நர்ஸம்மா இருக்கிறார். கோயிலுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் ஆஸ்பத்திரி உடுப்பில்தான் பார்க்கலாம். அவரிடம் போனோம். நான் தள்ளி நின்று கையால் வாயை மூடிக்கொண்டு பேசினேன்.

"கையை எடுங்கண்ணே. நான் பாக்காத நாத்தமா? ஆஸ்பத்திரியில நான் அள்ளாத அசிங்கம் இல்ல. வாயைத் திறங்க. நாக்க நீட்டுங்க."

நீட்டினேன். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார். "நாக்கப் பாருங்க, சுண்ணாம்பு அடிச்ச செவரு கெணக்கா. கண்ணாடில பாத்ததே இல்லையா?" பார்த்ததில்லை. பல்லைத் தேய்ப்பேன், நாக்கை யார் பார்த்தார்கள்? வீட்டுக்கு வந்து வழித்தேன். மஞ்சளாக, பசையாக, கெட்டுப்போன தயிராடை மாதிரி வந்தது. அதை எழுதாமல் விடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் நீங்களும் நாளைக்குக் காலையில் உங்கள் நாக்கைப் பார்க்க வேண்டும் அல்லவா?

முதலில் பல் டாக்டரிடம் போகச் சொன்னார் நர்ஸம்மா. போனேன். ஈறு ஓரமெல்லாம் கறை பிடித்திருந்ததைச் சுரண்டி எடுத்தார்கள். ஒரு சொத்தையை அடைத்தார்கள். மூன்று நாள் நன்றாக இருந்தது. மகள்கூட ஒரு புள்ளிக்கு நின்று வாசித்தாள். நாலாவது நாள் ஓர் ஏப்பம் வந்தது, எல்லாம் பழையபடி ஆனது. நர்ஸம்மா சொன்னார்: "அப்ப மேல மட்டும் இல்ல, கீழயும் இருக்கு. விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு வாங்க, வயித்து டாக்டரப் பாத்துருவோம்."

வயிற்று டாக்டர் வாயைப் பார்ப்பதற்கு முன்னால் கேள்வியாகக் கேட்டார். எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க, என்ன சாப்பிடுவீங்க, எப்பப் படுப்பீங்க, நெஞ்சு எரியுதா, சாப்பிட்டது மேல வருதா, வெளிக்கு ஒழுங்காப் போகுதா? கடைசிக் கேள்விக்கு, "மூணு நாளுக்கு ஒருக்கா" என்றேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். வேலை எப்படி என்று கேட்டார். தரையில் உட்கார்ந்து குனிந்து காட்டினேன்.

"சாப்பிட்ட உடனே இப்படியா? எத்தன மணி நேரம்?"

"பொழுதுக்கும்தான் சார்."

தொண்டையில் கசப்பாக ஏதோ மருந்து அடித்து, மரத்துப்போனதும் ஒரு குழாயை வாய் வழியாக உள்ளே விட்டுப் பார்த்தார்கள். எச்சில் வடிந்து காது வரை ஓடியது. ஓங்கரித்து ஓங்கரித்துக் கண் பிதுங்கியது. பக்கத்தில் டி.வி. மாதிரி ஒன்றில் என் வயிறு தெரிந்தது. நான் அதைப் பார்த்திருக்கக் கூடாது. சிவந்து, அங்கங்கே தோல் உரிந்த புண் போல. அடியில் பச்சையும் மஞ்சளுமாக நுரைத்த தண்ணீர். இதன் மேல்தான் ஒவ்வொரு நாளும் நாலு புரோட்டாவைக் கொட்டினேனா என்றிருந்தது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். வாய் நாற்றம் பெரும்பாலும் வாயிலேயேதான் பிறக்கிறது. பல், ஈறு, நாக்கு. அதனால் எல்லோருக்கும் வயிறுதான் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. முதலில் வாயைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் சிலருக்கு வயிறும் சேர்ந்துகொள்ளும். சோறு இறங்கும் குழாயின் அடியில் ஒரு மூடி மாதிரி இருக்கிறதாம். சாப்பாடு உள்ளே போனதும் அது இறுக மூடிக்கொள்ள வேண்டும். எனக்கு அது தளர்ந்துவிட்டது. நிறைந்த வயிற்றோடு குனிந்தால், மல்லாந்து படுத்தால், அமிலமும் பாதி செரித்த சோறும் மேலே ஏறி வரும். தொண்டையிலும் நாக்கிலும் அந்தக் கசடு ஒட்டும். அது நாறும். போதாததற்கு வயிற்றில் ஒரு கிருமியும் இருந்தது. தண்ணீர் குடிக்காததால் வாய் காய்ந்து, நாற்றம் கூடியது. மலச்சிக்கல் வேறு, வயிற்றை உப்ப வைத்து எல்லாவற்றையும் மேலே தள்ளியது.

"கந்தக நாத்தம்னு நெனச்சேன் சார்" என்றேன்.

"அதுவும் முழுத் தப்பில்ல. கிருமிக சோத்தக் கெடுக்கும்போது வர்ற வாயுவுலயும் கந்தகம் இருக்கு. கெட்ட முட்டையில நாறுறது அதான். ஆனா உங்களது கம்பெனி கந்தகம் இல்ல, சொந்தத் தயாரிப்பு" என்று சிரித்தார். பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தார். "அது என்ன?"

மிட்டாயை எடுத்துக் காட்டினேன்.

"பெப்பர்மிண்டா? இது அந்த மூடிய இன்னும் தளர்த்தி விடுமே. சோடாவும் அப்பிடித்தான், வயித்த ஊத வச்சு மேல தள்ளும்."

நாற்றத்தை மறைக்கத் தின்றதே நாற்றத்தை மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த மிட்டாயை ஆஸ்பத்திரிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். கை பிசுபிசு என்று ஒட்டியது. அந்தப் பிசுபிசுப்புகூட எனக்கு அருவருப்பாக இருந்தது.

கிருமிக்கு இரண்டு வாரம் மாத்திரை. அதைத் தின்ற நாளெல்லாம் வாயில் தகரத்தை நக்கியது மாதிரி இருந்தது. காலையில் இரண்டு இட்லியாவது தின்றுவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும். எண்ணெய்ப் புரோட்டாவுக்குக் கும்பிடு. வாசிப்பு முடிந்து எட்டு மணிக்குக் கொஞ்சமாகச் சாப்பாடு, அதற்கு மேல் மூன்று மணி நேரம் படுக்கக் கூடாது. படுக்கும்போது தலைமாட்டுப் பக்கம் உயரமாக இருக்க வேண்டும். என் மனைவி கட்டில் காலுக்கு அடியில் இரண்டு செங்கலை வைத்தாள்.

கம்பெனி திறந்து பூஜை போட்டார்கள். போர்மேனிடம் போய், மத்தியானம் சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் நின்று செய்கிற வேலை கொடுங்கள் என்று கேட்டேன். எதற்கு என்றார். எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "வயித்துல கோளாறு, அதுல வாய் நாறுது. டாக்டர் குனியக் கூடாதுன்னுட்டாரு." யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இவர்களுக்கு முன்னாலேயே தெரியும் என்று அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

அறைக்கு வந்ததும் மச்சானைப் பார்த்தேன். "மச்சான், உண்மையச் சொல்லுங்க. வாசப்பக்கம் என்னைய எதுக்கு உக்கார வச்சீக?"

அவர் துண்டைக் கட்டிக்கொண்டே, "அந்த வாடை வெளிய போகட்டும்னுதான்" என்றார்.

"சீனியர்னு சொன்னீகளே?"

"பின்ன என்ன சொல்லச் சொல்றீக? உங்க வாய்க்கு முன்னால திரிய நீட்டுனா தன்னால பத்திக்கிடும் போல இருந்துச்சு. உசுருக்குப் பயந்து உள்பக்கமா போய் உக்காந்தோம்னா பாத்துக்கிடுங்க."

ஒருவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "அண்ணே, அதிரசம் மட்டும் நல்லா இருந்துச்சு" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் உள்ளே சுட்டது. வெடித்தால் முதலில் தப்பிக்கிற இடத்தை மூன்று பேர் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள், என் வாய்க்குப் பயந்து. மறுநாள் நானே உள் மூலையில் போய் உட்கார்ந்தேன். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. மச்சான் மட்டும் ஒரு தடவை என் பக்கம் சாய்ந்து மோந்து பார்த்துவிட்டு, "பரவால்ல, உக்காருங்க" என்றார்.

வீட்டில் மகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். என் மூக்கை நான் நம்ப முடியாது. ஒன்றரை வருஷம் என்னை ஏமாற்றிய மூக்கு அது. அதனால் ஏழு மணிக்குப் பாயில் உட்கார்ந்ததும் நான் ஒரு தடவை 'ஹா' என்று ஊதுவேன். அவள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"பொய் சொல்லக் கூடாது. அப்பா மனசு கஷ்டப்படும்னு சொல்லாம இருக்கக் கூடாது" என்றேன்.

"நெசமாச் சொல்லவா?"

"நெசமா."

முதல் நாள், "அய்ய! கோழிக் கூண்டு" என்றாள். நாலு மாதமாக அடக்கி வைத்திருந்த வார்த்தை. அப்படி ஓர் அருவருப்போடு முகத்தைச் சுளித்துச் சொன்னாள். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஒரு வாரம் கோழிக் கூண்டு. அப்புறம் புளிச்ச மாவு. கிருமி மாத்திரை முடிகிற சமயம், "மாத்திரை வாடை மட்டும்." நடுவில் ஒருநாள் காரியாபட்டியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய், யாரும் பார்க்காமல் இரண்டு எண்ணெய்ப் புரோட்டா தின்றுவிட்டு வந்தேன். ஊதினேன். ஒரே ஒரு தடவை மோந்தாள்.

"எங்க போய்ட்டு வந்தீக?"

"கல்யாணத்துக்கு."

"சால்னா ஊத்துனாங்களா?"

அடுப்படியிலிருந்து என் மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள். மற்றதை எழுத வேண்டாம்.

முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இப்போதும் நாக்கை வழிக்காமல் விட்டால், நேரம் தப்பிச் சாப்பிட்டால், அது எட்டிப் பார்க்கும். அந்த நாற்றத்தை நான் மறக்கவில்லை. பழைய துண்டு ஒன்றைப் பார்த்தாலே வாயில் எச்சில் ஊறிக் குமட்டுகிறது. பிள்ளைகளே, உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்காராதீர்கள். சொல்லிவிடுங்கள். கோபப்பட்டால் படட்டும். பெரியவர்களுக்கு வலித்தால்தான் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும், நாறினால் வராது.

தை மாதம் பிறந்து ஒரு வாரம் இருக்கும். மறுபடியும் அந்தத் தூக்கணாங்குருவிப் பாடத்தை எடுத்தோம். ஊதினேன். அவள் மோந்து பார்த்துவிட்டு நேராகப் புத்தகத்தைத் திறந்தாள். ஜன்னல் மூடியிருந்தது, வெளியே பனி. முதல் வரியை வாசித்தாள். புள்ளி வந்ததும் நின்றாள். என் தோளில் சாய்ந்தபடியே, ஜன்னலைப் பார்க்காமல், அங்கேயே மூச்சை இழுத்தாள். அடுத்த வரியில் ஒரு வார்த்தை தடுக்கியது. எழுத்துக் கூட்டினாள். பழையபடி மெதுவாகத்தான் வாசித்தாள், தப்பும் தவறுமாக. ஒரு பக்கம் முடிய அரை மணி நேரம் ஆனது.

நான் விரலை வரியின் மேல் வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.